ரெண்டு குதிரையும் முப்பது கோப்பைக் கஞ்சியும்

மனித குலத்தின் துயரங்கள் அனைத்துக்கும் காரணம் குதிரைவலுப் பற்றாக்குறைதான் என்று சுதாகரன் அத்தான் அறிவித்தார். பஞ்சம், முதுகுவலி, மாமி மருமகள் சண்டை மூன்றுக்கும் அவரிடம் இந்த ஒரே விளக்கம்தான் இருந்தது.

அறிவித்த இடம் கல்லடியில் அக்கா வீட்டுக் குசினி. அத்தான் நகரில் மின்சாரச் சாமான் விற்கும் கடையொன்றில் விற்பனையாளர். கடையில் காட்சிக்கு வைத்திருந்த பிளெண்டரை முதலாளியிடம் ஒரு கிழமைக்கு இரவல் கேட்டுக் கொண்டுவந்திருந்தார்.

"ரெண்டு குதிரைவலு," என்று ஜாடியைத் தட்டினார். "இதுக்குள்ள ரெண்டு குதிரை நிக்குது."

"குதிரைக்குப் புல்லு ஆர் வைக்கிற?" என்றாள் நிருஷா அக்கா.

அக்கா பகிடி விட்டாளே தவிர, முகத்தில் பகிடி இல்லை. அவள் படிப்பித்த பாலர் பாடசாலையைப் பிள்ளைகள் போதாதென்று மூடி எட்டு மாதம். அந்த எட்டு மாதத்தில் வந்த முதல் வேலை இதுதான்: காத்தான்குடி மர்சூக் நானா வாவிக்கரையில் நடத்தும் விடுதிக்கு ஞாயிற்றுக்கிழமை காலை முப்பது கோப்பை இலைக்கஞ்சி. பிடித்துப்போனால் ஒவ்வொரு நாளும் எடுப்பதாகச் சொல்லியிருந்தார். நிபந்தனை மூன்று. கஞ்சி பச்சையாக இருக்க வேண்டும். நார் இருக்கக் கூடாது. தேங்காய்ப்பால் திரையக் கூடாது.

"போன முறை ஒராள் நாரும் தும்புமாக் காய்ச்சித் தந்தார்," என்று மர்சூக் நானா சொல்லியிருந்தார். "கொழும்பால வந்த ஆக்கள் பல்லுக் குத்திக்கொண்டு போனாங்க."

அக்கா அதுவரை நாலு பேருக்கு மேல் கஞ்சி காய்ச்சியதில்லை. ஆனாலும் யோசிக்காமல் ஓம் என்றுவிட்டாள்.

வியாழக்கிழமை பின்னேரம் முதல் பரிசோதனை. பரீட்சைக்குப் படிக்கவென்று கம்பஸில் விடுமுறை விட்டிருந்தபடியால் குடித்துப் பார்க்கும் பதவி எனக்குக் கிடைத்தது.

அக்கா அரிசியைக் கழுவி அடுப்பைப் பற்றவைக்கப் போனாள். அத்தான் கையை நீட்டித் தடுத்தார்.

"அடுப்பு என்னத்துக்கு? ஆறு நிமிசம் முழு வேகத்தில விட்டா, பிளேட் சுத்துற சுத்துக்கே கொதிக்கும். கடையில தக்காளி சூப் செய்து காட்டினனான். ஆவி பறந்தது."

"தக்காளியும் அரிசியும் ஒண்டா?"

"குதிரைக்கு என்ன வித்தியாசம் தெரியும்?"

ஊறவைத்த சிவப்புப் பச்சையரிசி, வல்லாரை, முடக்கொத்தான், பொன்னாங்காணி, துருவிய தேங்காய், உள்ளி எல்லாம் ஒன்றாக உள்ளே போயின. அத்தான் பட்டனை அழுத்தினார். அந்தச் சத்தத்துக்கு, வாவியில் வலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் எந்த இஞ்சின் தோணி வெளிக்கிட்டு வருகிறது என்று திரும்பிப் பார்த்திருப்பார்கள். ஆறாவது நிமிடத்தில் உண்மையாகவே ஆவி பறந்தது. அத்தான் எங்களைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். பெரிய மனிதர்கள் வெற்றியில் பேசுவதில்லை.

ஜாடியைச் சரித்தார். ஒன்றும் வரவில்லை. கவிழ்த்தார். மொத்தமாக ஒரு கட்டி இறங்கி வந்து பாத்திரத்தில் உட்கார்ந்தது. மழைக்குப் பிறகு உழுத வயல்வட்டையின் நிறம். மேலே தேங்காய் எண்ணெய் பிரிந்து மினுங்கியது. நான் கரண்டியைக் குத்தினேன். அது நேராக நின்றது.

நார் மட்டும் இல்லை. அந்த விசயத்தில் அத்தான் சொன்னது சத்தியம். நாரோடு சேர்த்துக் கஞ்சியும் இல்லாமல் போயிருந்தது.

"அத்தான், இதக் கொஞ்சம் எனக்குத் தாங்க," என்றேன். "கம்பஸில எலக்சன் வருது. போஸ்டர் ஒட்டலாம்."

அக்கா சிரிக்கவில்லை. பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போய் வாழையடியில் கொட்டினாள். "இன்னும் ரெண்டு நாள்தான் கிடக்கு," என்று வாழைக்குச் சொன்னாள்.

வெள்ளி பின்னேரம் காத்தான்குடியிலிருந்து அக்காவின் சிநேகிதி ஜெமீலாக்கா முச்சக்கரவண்டியில் வந்து இறங்கினார். மடியில் ஒரு பெரிய பெட்டி. குவைத்தில் பன்னிரண்டு வருடம் ஒரு வீட்டில் வேலை செய்தவர். திரும்பி வரும்போது அந்த வீட்டுக்காரி கொடுத்துவிட்ட மெசின் அது. அரைக்கும், நிறுக்கும், கிண்டும், அவிக்கும். போதாததற்கு, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று ஒரு பெண்குரலில் இங்கிலீசில் சொல்லும்.

"குவைத்தில இதுதான் சமைச்சதெண்டு சொல்லுவாங்க," என்றார் ஜெமீலாக்கா. "பக்கத்தில நிண்டது நான்."

அத்தான் மெசினைச் சுற்றி ஒருமுறை நடந்தார்.

"சட்டிக்குள்ள மோட்டர், மோட்டருக்குக் கீழ அடுப்பு. எல்லாம் செய்யிற ஆள் ஒண்டும் ஒழுங்காச் செய்யாது. அதுக்குள்ள வாய் வேற. திற எண்டாத் திறக்கிற, மூடு எண்டா மூடுற. மெசினுக்கு மனுசன் வேலைக்காரனா? என்ட கையால அது நடக்காது."

"நான் பன்னிரண்டு வருசம் மனுசர் சொல்லச் சொல்லத் திறந்து மூடினனான்," என்றார் ஜெமீலாக்கா. "இது ஏசாது, தம்பி. அதுவே பெரிய புண்ணியம்."

அத்தான் பிளெண்டரைத் துடைத்தார்.

மெசினுக்கு இலைக்கஞ்சி தெரியாது. கிட்டத்தட்ட ஒத்துவந்தது ஏதோ ஒரு கீரை சூப். அதைத் தெரிவுசெய்துவிட்டு, பால் விடும் நேரத்தில் சூட்டை எண்பது பாகையில் நிறுத்தினார் ஜெமீலாக்கா. முப்பத்தைந்து நிமிடத்தில் கஞ்சி. பச்சை நிறம். பால் ஒரு பொட்டும் திரையவில்லை. பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடித்தேன்.

"நல்லாரிக்கு. ஆனா வல்லாரைத் தண்டு நாக்கில தட்டுப்படுது."

"ஆ," என்றார் அத்தான். பிளெண்டர் அந்த இடத்தில் ஒரு புள்ளி பெற்றது.

அக்காவின் கவலை வேறு. "இது ஏழு கோப்பை. முப்பதுக்கு அஞ்சு தரம் காய்ச்சணும். கடைசிக் கோப்பை வரக்குள்ள முதல் கோப்பை பழங்கஞ்சி."

அன்று அவள் இரண்டு மெசினையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள், பாலர் பாடசாலையில் சண்டை பிடித்த இரண்டு பிள்ளைகளைப் பார்ப்பது போல. சனிக்கிழமை காலை தீர்ப்பு வந்தது. அரிசி பெரிய பானையில், காஸ் அடுப்பில் அவியும். இலையைக் குளிர்ந்த தண்ணீரோடு பிளெண்டரில் இருபது செக்கன், அதற்கு மேல் ஒரு செக்கனும் இல்லை. பாலை எண்பது பாகையில் கிண்டிக்கொண்டிருப்பது ஜெமீலாக்காவின் மெசின். அடுப்பை அணைத்த பிறகு மூன்றும் பானையில் சேரும்.

"ரெண்டு குதிரையையும் இருபது செக்கனுக்குக் கட்டி வைக்கிறதா?" என்றார் அத்தான்.

"ஓம். மிச்ச நேரம் மேயட்டும்."

ஞாயிறு விடிய ஐந்து மணிக்குத் தொடங்கினோம். ஜெமீலாக்கா மெசினை எங்களிடம் விட்டுவிட்டு ஏறாவூரில் உள்ள மகள் வீட்டுக்குப் போயிருந்தார். அக்கா பாலையும் மெசினையும் பார்த்தாள், நான் அரிசிப் பானையைக் கிண்டினேன். அத்தான் இருபது செக்கன் வேலை செய்தார். மிகவும் நன்றாகச் செய்தார்.

ஆறேகாலுக்கு மர்சூக் நானா தானே விடுதி வானை ஓட்டிக்கொண்டு வந்தார். ஒரு கோப்பை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து நிறம் பார்த்தார். குடித்தார். நாக்கால் பல்லெல்லாம் தடவினார். நார் தேடுகிறார் என்று விளங்கியது.

"மாஷா அல்லாஹ்," என்றார். "ஆனா ஒரு கரைச்சல், தங்கச்சி. ராத்திரி இன்னொரு கூட்டம் வந்து இறங்கிட்டு. இன்னும் பத்துக் கோப்பை வேணும், ஏழு மணிக்குள்ள. அதுவும் இதே மாதிரி வந்தா, நாளையிலிருந்து ஒவ்வொரு நாளும் உங்கட கஞ்சிதான். ஒரு பானை நல்லா வாறது ஆருக்கும் ஏலும். ரெண்டாவதுதான் எனக்குக் கணக்கு."

அக்கா ஓம் என்றாள். அவளுக்கு யோசிக்காமல் ஓம் சொல்லும் பழக்கம் இன்னும் போகவில்லை. பால் பிழிந்து கிடந்தது, இலையும் கழுவிக் கிடந்தது. ஆனால் முப்பது கோப்பையையும் வழியில் கிண்டிக் கொண்டுபோய் ஊற்றிக் கொடுக்க அவளே போக வேண்டும். வானில் ஏறும்போது அத்தானைப் பார்த்தாள்.

"தம்பி அரிசியைப் பார்ப்பான். இஞ்சேருங்க, நீங்க பாலைப் பாருங்க."

வான் போய்விட்டது.

அத்தான் இலையை அரைத்து வைத்தார். இருபது செக்கன். பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லாமல் பிளெண்டரின் பக்கத்திலேயே நின்றார். பால் தாச்சியில் இருந்தது. மேசையின் மறு கரையில் மெசின், மூடியைத் திறக்கவும் என்றது.

அத்தான் என்னைப் பார்த்தார். நான் பானைக்குள் பார்த்தேன். அரிசி அப்போது அப்படியொரு சுவாரசியமான கட்டத்தில் இருந்தது.

மூடியைத் திறக்கவும் என்று மெசின் மறுபடி சொன்னது. குரலில் கோபம் இல்லை.

மூடி திறக்கும் சத்தம் கேட்டது. ஊற்றவும் என்றது. ஊற்றும் சத்தம். மூடவும். மூடினார். பிறகு அவர் அசையாமல், திரையில் எண் ஏறுவதைக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார். எழுபத்தியிரண்டு. எழுபத்தாறு. நடுவில் ஓரத்தை வழித்துவிடவும் என்றது. நல்ல கரண்டியாகத் தேடி எடுத்து வழித்துவிட்டார்.

பால் திரையவில்லை. ஏழுக்குப் பத்து நிமிடம் இருக்க, பக்கத்து வீட்டு முச்சக்கரவண்டியில் பானையை ஏற்றி அனுப்பினோம். ஏழு மணி தாண்டி அக்கா போன் எடுத்தாள். நான்தான் பேசினேன்.

"நாளையிலிருந்து எல்லா நாளும், தம்பி," என்றாள். "ரெண்டாவது பானைக்குப் பால் ஆர் பாத்த? மெசின் சொன்னமாதிரியே செய்தீங்களா?"

நான் அத்தானைத் திரும்பிப் பார்த்தேன். கிண்ணத்தை இளஞ்சூட்டுத் தண்ணீரால் கழுவவும் என்று மெசின் அப்போதுதான் சொல்லி முடித்திருந்தது. அத்தான் கேத்தலில் தண்ணீர் விட்டு அடுப்பில் வைத்துக்கொண்டிருந்தார்.