பரிமளத்தின் பேரில் ஒரு சிம்

கிரீச்சென்று பிரேக் போட்டு நின்ற ஜீப்பின் சத்தத்தில் போன் சோதனை மேசைப் பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள். தூசி படக்கூடாதென்று வெறுங்காலோடு மட்டுமே நுழைகிற மண்டபத்துக்குள் ஐந்து பொலிஸ்காரர்கள் பூட்ஸோடு ஏறி வந்தார்கள். கண்ணாடி அறையிலிருந்து முதலாளி வரதராசா ஓடி வருவதற்குள், "வீரசிங்கம் பரிமளம் யார்?" என்று சிங்களத்தில் கேட்டிருந்தார் இன்ஸ்பெக்டர்.

"நான்தாங்க."

கலஹாத் தேயிலைத் தோட்டத்திலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி திகனைக்கு வேலைக்கு வருகிறவள் பரிமளம். இன்ஸ்பெக்டர் ஒரு கருகிய போனை மேசையில் வைத்தார். பாதி எரிந்திருந்தாலும் 'நிலா' என்ற அவர்களுடைய கம்பனிப் பெயர் தெரிந்தது. போன வாரம் பஸ் ஒன்றில் குண்டு வெடித்த இடத்தில் எடுத்ததாம். அந்தப் போனில் முதன்முதலாகப் போட்ட சிம் பரிமளத்தின் பெயரில் இருக்கிறதாம்.

ஒரே வாக்கியத்தில் அவளைக் காப்பாற்றக் கூடியவர் வரதராசா மட்டும்தான்.

சமாதானப் பேச்சு நடந்த காலத்தில், மூடிக் கிடந்த ஒரு கார்மென்ட் தொழிற்சாலையை வாடகைக்கு எடுத்து அவர் தொடங்கிய தொழில் இது. சீனாவிலிருந்து போன் பாகங்கள் வரும், திகனையில் பொருத்திப் பூட்டுவார்கள். பட்டன்களில் தமிழும் சிங்களமும் இருந்ததால் கலகெதரக் கடைகளிலிருந்து வவுனியா ஏஜெண்ட் வரை வரிசையில் நின்று வாங்கினார்கள். மூன்றே வருடத்தில் நூற்று நாற்பது பேருக்கு வேலை.

பூட்டி முடிந்த ஒவ்வொரு போனிலும் பரிமளம் அதே ஒரு சிம்மைப் போட்டு, எதிர் மேசைக்கு அழைத்து, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று சொல்லிக் கழற்றுவாள். போனின் தொடர் இலக்கம் நீலப் புத்தகத்தில் ஏறும். எதிர் மேசை றம்லத் விடாமல் கிண்டலடிப்பாள். "மாப்புள பாக்க வந்தாலும் நீ ஒண்ணு ரெண்டு மூணு எண்டுதான் சொல்லுவாய் புள்ள."

மறுபடி சண்டை மூண்டதும் சிம்முக்கு அடையாள அட்டை கேட்டார்கள். வரதராசாவின் அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். எண்பத்து மூன்று கலவரத்தில் கண்டியில் அவருடைய அப்பாவின் றேடியோக் கடை எரிந்ததைச் சிறுவனாக நின்று பார்த்தவர் அவர். தன் பெயர் எந்தக் காகிதத்திலும் ஏறுவது அவருக்குப் பிடிக்காது. மலைநாட்டுப் பிள்ளையின் பெயர் என்றால் யார் சந்தேகப்படப் போகிறார்கள்? "உம்மட ஐடியை ஒருக்காத் தாரும் பிள்ளை" என்றார். ஏன் என்று கேட்காமல் பரிமளம் எடுத்து நீட்டினாள். புதிய சோதனைச் சிம்மை அவள் பெயரில் அவர் வாங்கி வந்தார்.

"இந்தச் சிம்மை இவளுக்கு யார் வாங்கிக் கொடுத்தது?" என்று இன்ஸ்பெக்டர் இப்போது கேட்டார்.

பரிமளம் முதலாளியைப் பார்த்தாள்.

"புத்தகத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்" என்றார் வரதராசா.

வெறுங்காலோடு அவளைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

வீட்டில் மனைவி கமலாசனி கதவைச் சாத்திவிட்டுப் பேசினாள். "இஞ்சாருங்கோ, வாய் திறந்திடாதேங்கோ. அவள் தோட்டத்துப் பிள்ளை, ரெண்டு நாளில விட்டிடுவாங்கள். நீங்கள் போனா உங்களை விடுவாங்களோ?"

"ஓம்" என்றார். அந்த ஒரு சொல்லில் அவருக்கே வெட்கமாக இருந்தது.

மறுநாள் பத்திரிகைகளில் போனின் படம் வந்துவிட்டது. சோதனைச் சாவடிகளில் 'நிலா' வைத்திருந்தவர்களை பஸ்ஸை விட்டு இறக்கினார்கள். கலகெதரக் கடைக்காரர் தொலைபேசியில் கத்தினார். "முதலாளி, ஒங்கட போனுகள சனம் கடை வாசல்ல வீசிட்டுப் போகுது! லொறிய அனுப்பி அள்ளிட்டுப் போங்க!" வவுனியா ஏஜெண்ட் பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டார். நான்காம் நாள் வேலைக்கு வந்தவர்கள் பதினொரு பேர்.

றம்லத் கண்ணாடி அறைக்குள் வந்து நின்றாள்.

"சேர், அவட பேர்ல சிம் எடுத்தது நீங்க. எனக்குத் தெரியும். ஒங்கட வாயால ஒரு வார்த்தை போதும்."

"நாளைக்குப் போறன்."

"நேத்தும் நாளைக்கு எண்டுதான் சொன்னீங்க."

அவள் தன் வேலைச் சட்டையைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டுப் போய்விட்டாள். ஆறாம் நாள் வரதராசா தொழிற்சாலைக் கேட்டைப் பூட்டினார். இனிக் காப்பாற்றுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை என்றான பிறகுதான் அவருக்குத் துணிவு வந்தது. நீலப் புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்கு நடந்தார். வழி முழுக்க, சொல்லப் போவதைச் சிங்களத்தில் சொல்லிச் சொல்லிப் பார்த்தார்: சிம்மை வாங்கியது நான், அவள் நான் சொன்னதைச் செய்தவள்.

வாசல் மதிலோரம் பரிமளத்தின் அம்மா இரத்தினம்மா நின்றாள். கையில் மகளுடைய செருப்பு மட்டும் இருந்தது. வரதராசாவைக் கண்டதும் அவசரமாகக் கிட்ட வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"காலையில கொழும்புக்கு ஏத்துறப்ப ரெண்டு நிமிசம் பேச விட்டாங்கய்யா, சிம்ம வாங்குனது நான்தான்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டாளாம், உங்க பேரு எங்கயும் வரலையாம், பயப்படாம கம்பனிய நடத்தச் சொன்னா."