நாலாம் நம்பர் கிளாஸ்

என் அப்பாவுக்கு மூக்குதான் எல்லாம். ஒயின் இறக்குமதி செய்யும் கம்பெனியில் முப்பது வருடம் ருசி பார்த்தே சம்பளம் வாங்கியவர். அலுவலகத்தில் அவருக்கு ‘மூக்கு’ என்றே பெயர். நேருக்கு நேர் சொன்னாலும் கோபித்துக்கொள்ள மாட்டார், பட்டம் கொடுத்த மாதிரி பூரித்துப்போவார். வீட்டில் மட்டும் அந்த மூக்குக்கு விடுமுறை. அடுப்பில் பால் தீய்ந்து வீடே புகைந்தாலும், அம்மா ஓடி வந்து அணைக்கும் வரை பேப்பரை விட்டுத் தலை தூக்க மாட்டார்.

அப்படிப்பட்டவரிடம் போய், ஹோட்டலில் ஒயின் பரிமாறுகிறவனைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்றேன். ட்ரே தூக்குகிறவனா என்று கேட்டவர், மூன்று நாள் என்னோடு பேசவில்லை. எனக்கோ அவசரம். நெட்டைக்கு வேறு ஊர் ஹோட்டலுக்கு மாற்றல் வந்திருந்தது, மூன்று மாதத்தில் கிளம்பியாக வேண்டும். அதையும் அப்பாவிடம் சொல்லியிருந்தேன். நெட்டை என்பது நான் அவனுக்கு வைத்த பெயர். எங்கள் வாசலில் குனியாமல் நுழைந்தால் நெற்றி வீங்கிவிடும். அந்த மூன்று மாதத்துக்குள் கல்யாணம் முடிந்தால் நானும் கூடப் போவேன். இல்லாவிட்டால் அவன் மட்டும் போவான்.

நாலாம் நாள் அப்பா வாயைத் திறந்தார். ஞாயிற்றுக்கிழமை பையன் வரட்டும். மூன்று சிவப்பு, மூன்று வெள்ளை, ஆக ஆறு ஒயின். பாட்டிலைக் காட்டாமல் கிளாஸில் மட்டும் வரும். எது எந்த நாட்டுச் சரக்கு என்று குறைந்தது ஐந்தையாவது சரியாகச் சொல்லிவிட்டால் பெண் அவனுக்கு. சொல்லாவிட்டால் இந்தப் பேச்சையே நான் மறுபடி எடுக்கக் கூடாது.

“பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்கறீங்களா, கம்பெனிக்கு ஆள் எடுக்கறீங்களா?” என்று அம்மா கேட்டாள். அப்பா பேப்பரைப் பிரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

காலை பதினொரு மணிக்குத்தான் நாக்கு சுத்தமாக இருக்குமாம். அதனால் ஞாயிறு காலை வெங்காயம் வதக்கத் தடை, என் பவுடருக்குத் தடை, அம்மாவின் தலை எண்ணெய்க்கும் தடை. அப்பா ஆறு பாட்டில்களையும் காகிதப் பைக்குள் நுழைத்து நம்பர் ஒட்டினார். எந்த நம்பர் எந்த நாடு என்று ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வெள்ளை மூன்றையும் ஐஸ் வாளியில் இறக்கினார். பாட்டிலின் உருவமே காட்டிக்கொடுத்துவிடும் என்று, ஊற்றும் வேலையைச் சமையலறையில் அம்மாவிடம் ஒப்படைத்துவிட்டுக் குளிக்கப் போனார்.

நெட்டை சென்ட் பூசாமல் வந்திருந்தான். அதை மோந்து பார்த்தே அப்பாவுக்கு முகம் வாடியது. ஆரம்பத்திலேயே குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை, பாவம்.

சிவப்பு வந்தது. முதல் கிளாஸில் பச்சைக் குடைமிளகாய் வாசனை, அதனால் சிலி என்றான். இரண்டாவதில் மிளகும் நன்றாகப் பழுத்த பழமும், ஆஸ்திரேலியா. மூன்றாவதைக் கொஞ்ச நேரம் சுழற்றிக்கொண்டே இருந்தான். தாரும் ரோஜாவும் கலந்த வாசனை, பல்லைப் பிடிக்கும் துவர்ப்பு, இத்தாலி என்றான். மூன்றும் சரி. எனக்குத் தலைகால் புரியவில்லை.

வெள்ளையில்தான் விழுந்தது அடி. நாலாவதில் மண்ணெண்ணெய் வாடை, அந்த நாட்டு வெள்ளைக்கே உள்ள வாடையாம், ஜெர்மனி என்றான். ஐந்தாவதில் வெண்ணெய் தடவிய ரொட்டி, பிரான்ஸ் என்றான். ஆறாவதில் வெட்டிய புல், நியூசிலாந்து என்றான். அப்பா சீட்டை விரித்தார். மூன்றும் தப்பு. அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்!

சீட்டில் நியூசிலாந்து என்றிருந்த நாலாம் நம்பர் கிளாஸை எடுத்துக் கண்ணை மூடி மோந்தார். ஆகா, புல்வெளியே உள்ளே இருக்கிறது, நெல்லிக்காய் வேறு தெரிகிறது, இதுதான் அசல் நியூசிலாந்து என்று பத்து நிமிடம் பாடம் எடுத்தார். பிறகு கிளாஸை அவன் பக்கம் நகர்த்தினார். தப்பை ஒத்துக்கொண்டால் அடுத்த மாதம் இன்னொரு தடவை பார்க்கலாம் என்றார்.

“இப்ப சொல்லு. புல்லு வாசனை வருதா இல்லையா?”

ஆமாம் என்று சொல்லித் தொலைடா என்று நான் கண்ணால் கெஞ்சினேன். அவன் என் பக்கமே திரும்பவில்லை. இரண்டு தடவை நிதானமாக மோந்தான்.

“இல்ல சார். மண்ணெண்ணெய்தான் வருது. உங்க சீட்டுலதான் ஏதோ தப்பு.”

கதை முடிந்தது என்று நினைத்தேன். அப்பா எழுந்துவிட்டார். முப்பது வருட அனுபவத்துக்கு முன்னால் நேற்று வந்தவன் நாக்கை நீட்டுகிறானா என்று சத்தம் போட்டார். சத்தம் கேட்டு அம்மா கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். விஷயம் புரிந்ததும் அலட்டிக்கொள்ளாமல் சொன்னாள். காகிதப் பை ஐஸ் தண்ணீரில் ஊறிக் கிழிந்துவிட்டதாம், நம்பரெல்லாம் வாளியில் மிதந்ததாம், அவளே புதுசாக நம்பர் ஒட்டினாளாம்.

“மூணும் வெள்ளைதானே, எது முன்னாடி வந்தா என்னன்னு நெனச்சேன்.”

அப்பா உட்கார்ந்தார். சீட்டை மடித்துத் தள்ளி வைத்துவிட்டு நாலு, ஐந்து, ஆறு என்று வரிசையாக எடுத்து மோந்தார், ஒவ்வொரு வாய் குடித்தார். இந்தத் தடவை பாடம் எதுவும் வரவில்லை. வாழ்நாள் முழுக்கக் கிண்டல் செய்ய எனக்குச் சரக்கு கிடைத்துவிட்டது, விடுவேனா? புல்வெளி எந்தப் பக்கம் போச்சுப்பா என்று கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. “நான் மூக்கால மோக்கல, சீட்டால மோந்திருக்கேன்” என்றார். பிறகு என்னைப் பார்த்தார். “அவன் தோக்கணும்னுதாம்மா நெனச்சேன். அவ்ளோ தூரம் உன்ன அனுப்ப மனசில்லன்னு சொன்னா நீ கேப்பியா?”

பால் தீய்வது தெரியாத மனுஷன் என்று எத்தனை தடவை சிரித்திருக்கிறேன். அவர் மனசு எனக்கே தெரியவில்லையே. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அப்பா நெட்டையிடம், அந்த ஊருக்கு ரயிலில் எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டார்.

“எட்டு மணி நேரம் ஆகும் சார்.”

“எட்டு மணி நேரமா” என்று அப்பா தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு, “சார் என்ன சார், மாமான்னு கூப்பிடு” என்றார்.