பட்டறை மேசையின் கனம்

"உன் பக்கம் இன்னும் கொஞ்சம் தூக்கும்மா" என்று சித்தப்பா மூச்சிரைக்கச் சொன்னார். நால்வர் பிடித்தும், அப்பா தம் கையால் செய்த பட்டறை மேசை கொட்டகையின் வாசற்படியைத் தாண்ட மறுத்தது. அப்பாவின் உடலை முன்கூடத்தில் கிடத்த அகன்ற மேசையொன்று தேவைப்பட்டது. கட்டிலோ அறைக்கதவில் அடங்கவில்லை.

"எங்கண்ணன் எதச் செஞ்சாலும் யானை ஏறி நிக்கிற மாதிரிதான் செய்வாரு."

மகள் தன் மூலையை இறுகப் பற்றினாள். பெரிய தொழிற்சாலையொன்றில் மில்லிங் மெஷின்களுக்கு அவள் மேற்பார்வையாளர். சுழலும் கத்தி இரும்பைச் சீவும் அவ்வேலையில், மயிரிழை பிசகினாலும் பொருளைத் தள்ளிவிடுவாள். தபால் அலுவலகத்தில் எழுத்தராயிருந்து ஓய்வுபெற்ற அப்பாவுக்கோ, உள்ளங்கையளவு நீராவி எஞ்சினொன்றைத் தம் கையாலேயே செய்து ஓடவிட வேண்டும் என்பதே ஆசை. அதற்கு மேசைமேல் வைக்கத்தக்க சிறிய மில்லிங் மெஷின் வேண்டும். எதை வாங்கலாம் என்று அவளைத்தான் கேட்டார்.

அவர் ஆசைப்பட்டுப் படம் அனுப்பிய முதல் மெஷினை, "அது பொம்மைப்பா. இரும்புல பட்டா உடம்பெல்லாம் உதறும்" என்று ஒதுக்கினாள். அவள் மெச்சிய அடுத்தது கொட்டகைக்குள் நுழையாது. மூன்றாவதற்கு உதிரிபாகம் கிடைக்காதென்றாள். நல்லதாக வரும்வரை பொறுக்கும்படியும், நேரில் வந்து பார்த்துச் சொல்வதாகவும் ஒவ்வொரு முறையும் கூறினாள். அவரும் "நீ சொன்னா சரி" என்று தொலைபேசியை வைத்துவிடுவார். ஆண்டுகள் கடந்தன. ஊருக்கு வந்தபோதெல்லாம் கொட்டகைப் பக்கம் எட்டிப்பார்க்க அவளுக்கு நேரம் வாய்க்கவில்லை.

மேசையைப் பக்கவாட்டில் சாய்த்ததும், இரும்புக் குழாய்க் கால் ஒன்றின் மூடி கழன்று உலர்ந்த மணல் சொரிந்தது.

"இதுல எதுக்கு மணலு?" என்றார் சித்தப்பா.

அவள் குனிந்து அதைத் தொட்டுப் பார்த்தாள். மெஷினின் உதறலை விழுங்குவதற்காகக் கால்களில் அப்பா மணல் திணித்திருக்கிறார். நிமிர்ந்து நின்ற பலகையில் இன்னும் திருகு ஏறாத நான்கு துளைகள் தெரிந்தன. விரலை அகட்டி வைத்துப் பார்த்தாள். குறை காண்பதற்காக அவளே படத்தில் துருவிப் பார்த்த அளவுதான். பொம்மை என்றாளே, அந்த மெஷினின் அடித்தட்டு.

வாசலில் நின்றிருந்த அம்மாவிடம் திரும்பினாள். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேம்மா."

"சொன்னா நீ வேற ஏதாவது சொல்லுவியே. இந்த மேசையக் கண்ணால பாத்தா ஒத்துக்குவா, அப்புறம் மெஷின வாங்கலாம்னாரு. போன தடவ நீ வந்தப்ப கொட்டகையெல்லாம் கூட்டி வச்சாரு. நீ ஃபோன்லயே இருந்த. பாவம், அலுத்து வந்திருக்கா, அப்புறம் பாத்துக்கலாம்னுட்டாரு."

"தூக்குங்கப்பா" என்றார் சித்தப்பா.

முன்கூடத்தில் மேசையை இறக்கி, வெள்ளை விரிப்பிட்டு, அவரைக் கிடத்தினர். அப்போதும் அந்த மேசைக்காலிலிருந்து மணல் கசிந்துகொண்டிருந்தது. அம்மா துடைப்பத்தை எடுத்துவரத் திரும்பினாள். மகள் அதற்குள் மண்டியிட்டு, சொரிந்ததைக் கூட்டி வலக்கையில் அள்ளினாள். எங்கே போடுவதென்று தெரியவில்லை.

அப்பாவோடு வேலை பார்த்த முதியவர் ஒருவர் படியேறி வந்தார். அவள் எழுந்தாள். அவர் அவள் கையைப் பற்றத் தம் கையை நீட்டினார்.

அவள் இடக்கையை நீட்டினாள்.