அலாவுதீனோடு வந்த சமவெளி

1921-இல் ஷேக் அலாவுதீன் பர்மாவிலிருந்து பினாங்குக்குக் கப்பலில் திரும்பியபோது, அவர் பதினோரு வருடம் வேலை பார்த்த வறண்ட சமவெளியும் கூடவே வந்து இறங்கியது. துறைமுகத்தில் அவருடைய இரும்புப் பெட்டிக்குத்தான் தீர்வை போட்டார்கள். சமவெளிக்கு என்ன விகிதம் என்று அதிகாரிக்குத் தெரியாததால் அதைச் சும்மா விட்டுவிட்டார்.

ஒரே வாரத்தில் டத்தோ கிராமாட் பகுதியில் அவர் வீட்டுக் கொல்லை வறண்டு வெடித்து முள்செடி முளைத்தது. ஊரெல்லாம் மழை கொட்டும். வேலிக்கு உள்ளே ஒரு சொட்டு விழாது. அவர் மனைவி ஆசியா பீவி தலையில் அடித்துக்கொண்டாள். ஆசையாய் வளர்த்த வெண்டைச் செடியெல்லாம் கருகிப்போனால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? பக்கத்து வீட்டு வடிவம்மாள் ஈரத் துணியோடு வந்து, "இந்த ஊருலயே துணி காயுற இடம் இதுதான்லா அக்கா," என்று கொடி கட்டிய பிறகுதான் ஆசியா பீவி கொஞ்சம் சமாதானமானாள்.

சமவெளி ஓடிவந்ததில் தப்பில்லை. முன்பு அங்கே எள்ளும் பனையும் இருந்தன. எண்ணெய் இருக்கிறதென்று தெரிந்ததும் துரைமார் பனைகளைச் சாய்த்து, ஆடு திரும்ப இடமில்லாத நெருக்கத்தில் இரும்புக் கோபுரங்களை நட்டார்கள். எள் வயலில் குழாய் ஓடியது, குடிநீரில் மண்ணெண்ணெய் வாடை அடித்தது, வாயு எரிந்த வெளிச்சத்தில் சேவல்கள் எந்நேரமும் கூவித் தொண்டை கட்டிச் செத்தன. வற்றிய துளைகளை மண் போட்டு மூடுவது அலாவுதீனின் வேலை. அந்த நிலத்துக்கு ஏதோ நல்லது செய்த ஒரே மனிதர் என்று அவரோடு ஒட்டிக்கொண்டது.

மூன்றாம் வருடம் ஓர் எண்ணெய்க் கம்பெனித் துரை மோப்பம் பிடித்து வந்தார். வீட்டை இடித்துத் துளை போட வேண்டும், அலாவுதீனே மேஸ்திரி, ஒரு கையெழுத்துப் போதும். துரையைக் கண்டால் எழுந்து நின்றே பழகிய மனிதர் பேனாவை வாங்கிவிட்டார். ஆசியா பீவி குறுக்கே வந்து நின்றாள். பதினோரு வருடம் காத்திருந்து கிடைத்த வீடும் புருஷனும் ஒரே கையெழுத்தில் போகப் போகின்றன.

"மச்சான், அடைக்கலம்னு வந்ததோட வயித்துல ஓட்ட போடுவீங்களா? போட்டா, அந்தக் கோபுரத்துலயே ஏறி நீங்களே சோறாக்கிக்குங்க," என்றாள்.

அலாவுதீன் பேனாவைத் திருப்பிக் கொடுத்தார். துரை விடவில்லை, வேலிக்கு வெளியே சாலையோரம் துளை போட்டார். அன்று காலையே சமவெளி படியேறி வீட்டுக்குள் வந்து கட்டிலுக்கடியில் பதுங்கிக்கொண்டது. இருநூறு அடி போனதும் துளையிலிருந்து மழை பீச்சியடித்தது. மூன்று வருடமாய் அந்த வீட்டின்மேல் பெய்யாமல் போன மழை மொத்தமும். துரையின் தொப்பி கடல்வரை போய்ச் சேர்ந்தது. அவர் பிறகு அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை.

சமவெளியும் வெளியே வரவில்லை. தினமும் ஒரு முறம் புழுதி சேர்ந்தது. ஆசியா பீவி வைதுகொண்டே பெருக்கினாள். ஒருநாள், தரை சில்லென்று இருக்கிறதே என்று கட்டிலுக்கடியில் குனிந்து, அதற்கும் ஒரு பாயை விரித்துவிட்டாள்.