மோரீனின் மணி

கனடாவின் ஒட்டாவாவில், காப்புரிமை முடிந்த மருந்துகளை மலிவாகச் செய்யும் கம்பெனிகளுக்கு ஒரு சங்கம் உண்டு. அதற்குப் பதினொரு வருடமாக மோரீன் பெல்க்கிதான் செயலாளர். போட்டிக் கம்பெனிகள் கூடிப் பேசி வியாபாரத்தைப் பங்குபோட்டால் சட்டம் விடாது. அதனால் கூட்டத்தில் யாராவது விலையைப் பற்றியோ, எந்த மருந்தை நிறுத்தப்போகிறோம் என்றோ வாயைத் திறந்தால், மேஜை மணியை அடித்துவிடுவாள்.

போன அக்டோபர் கூட்டத்தில், அந்தக் கம்பெனிகளில் ஒன்றை நடத்தும் கோர்டன் ஹாஸ்கெட் எழுந்தார். "குழந்தைங்க வலிப்புக்குக் குடுக்கிற அந்த சிரப் எங்களுக்குக் கட்டுப்படியாகல. வர்ற மார்ச்சோட..."

மணி அடித்தது.

"ஜெயிலுக்குப் போற வயசா கோர்டன் உங்களுக்கு? உக்காருங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்.

கூட்டத்தில்தானே பேசக்கூடாது? முடிந்தபின் தனியாகக் கூப்பிட்டு, "சிரப்பை நிறுத்தப்போறீங்கன்னு சுகாதாரத் துறைக்கு இன்னிக்கே எழுதிடுங்க, அவங்க வேற ஏற்பாடு பண்ணிக்குவாங்க" என்று சொல்லியிருக்கலாம். அன்று பார்த்து ரயிலைப் பிடிக்கிற அவசரம் அவளுக்கு.

அந்த சிரப்பைச் செய்த கம்பெனிக்காரர்கள் கோர்டனையும் சேர்த்து மொத்தமே மூன்று பேர். மற்ற இருவர் இருக்கிறார்களே என்று நம்பி, மூவருமே மார்ச்சில் நிறுத்திவிட்டார்கள்.

ஏப்ரலில் சட்பரியிலிருந்து ஒரு தாய் சங்கத்துக்குப் போன் செய்தாள்.

"பத்தொன்பது கடை ஏறி இறங்கிட்டேன். பையனுக்கு நேத்து மறுபடியும் வந்துடுச்சு. இது நிக்கப்போகுதுன்னு உங்கள்ல ஒருத்தருக்குக்கூடவா தெரியாது?"

"ஒருத்தர் சொல்ல வந்தாரும்மா" என்றாள் மோரீன். "நான்தான் கேலி பண்ணி உக்கார வச்சுட்டேன்."