ஒன்றரை மடங்கு வேகம்

வகுப்பில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். முதல்வர் மூக்கை உறிஞ்சிவிட்டுப் பேசுவதையும், நூலகக்காரர் புத்தகத்தைக் கொடுக்க மனமில்லாமல் முனகுவதையும் அச்சு அசலாகச் செய்து காட்டுவாள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். அவளும் அப்படித்தான் பிழைத்தாள். வார் அறுந்த பையோடு வருகிற ஒருத்தியை முன்வரிசைக் கூட்டம் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டது அந்த வாய்க்காகத்தான். அம்மா எங்கே வேலை செய்கிறாள் என்று கேட்டால், "ஆபீஸ்ல" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளின் குரலுக்குத் தாவிவிடுவாள்.

அன்றைக்குச் சினிமாப் பாடம். ஆசிரியர் திரைச்சீலைகளை இழுத்துவிட்டார்.

"நூறு வருஷத்துக்கு முன்னாடி, வரப்போற காலத்தை நினைச்சுப் பயந்து எடுத்த படம். பேச்சு கிடையாது. நீங்களும் பேசாம பாருங்க."

சுவர் உயரத்துக்கு ஒரு கடிகாரம். அதன் அடியில் நீண்ட மேசை. ஒரே மாதிரி உடுத்திய பெண்கள் பெட்டிகளை மூடி மூடித் தள்ளுகிறார்கள். உள்ளே என்ன இருக்கிறது, யாருக்குப் போகிறது, ஒருத்திக்கும் தெரியாது. தலை நிமிர்ந்தால் தொப்பிக்காரன் ஒருவன் வந்து நிற்பான். பயங்கரமான படம்தான். ஆனால் அந்தப் பெண்கள் வெடுக் வெடுக்கென்று ஓடுவதைப் பார்த்தால் யாருக்குப் பயம் வரும்? வகுப்பு சிரித்துக்கொண்டே இருந்தது.

ஒரு பெண் எழுந்து, ஒற்றை விரலைத் தூக்கி, தொப்பிக்காரனிடம் ஏதோ சொன்னாள். உதடுதான் அசைந்தது. என்ன சொன்னாள் என்று எழுத்து எதுவும் வரவில்லை.

"ரேடியோ, நீ பேசு" என்று பக்கத்துத் தோழி முழங்கையால் இடித்தாள்.

"ஐயா, ஒரே ஒரு நிமிஷம்யா. பாத்ரூம் போயிட்டு ஓடி வந்துடறேன். காலையிலேருந்து போகலைங்கய்யா."

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. தோழி அதைத் திரையில் ஓடும் படத்தோடு சேர்த்துக் கைப்பேசியில் பிடித்துவிட்டாள். ஆசிரியருக்கே உதடு துடித்தது.

அந்தக் கெஞ்சல் கற்பனை இல்லை. போன வாரம் வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு அம்மா சொன்னது. பார்சல் கிடங்கில், நகர்ந்துகொண்டே இருக்கும் பெல்ட்டின் முன்னால் நின்று, மகன் வயதுள்ள சூப்பர்வைசரிடம் அப்படிக் கேட்டாளாம். சொல்லும்போது முதலில் சிரித்தாள். அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். வேறு யாரிடமும் சொல்லாததை மகளிடம் சொன்னாள். மகள் என்ன செய்தாள்? குரல் தயாராக இருந்தது, வாயைத் திறந்துவிட்டாள். இதற்கு மேல் சமாதானம் அவளிடமே இல்லை.

படம் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் முடிந்தது. ஆசிரியர் கடிகாரத்தைப் பார்த்தார், கணினியைப் பார்த்தார், முகம் சுண்டிப்போனார். மாணவர்கள் அனுப்பும் வீடியோப் பயிற்சிகளை நேரம் மிச்சம் பிடிக்க அவர் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டிப் பார்ப்பது வழக்கம். அந்த வேகத்தை மாற்ற மறந்துவிட்டார். பேசும் படமாக இருந்தால் அவசர அவசரமான பேச்சே காட்டிக் கொடுத்திருக்கும். இது ஊமைப்படம், கடைசிவரை காட்டிக் கொடுக்கவில்லை.

"மன்னிச்சுடுங்க. நாளைக்குச் சரியான வேகத்துல பாப்போம்" என்றார்.

தோழி பிடித்த வீடியோ மாணவர் குழுவுக்குப் போனது. குழுவில் ஒருத்தனுடைய அண்ணன் அதே கிடங்கில் லாரிக்குச் சரக்கு ஏற்றுகிறவன். அப்புறம் கேட்க வேண்டுமா? சாயங்காலம் அம்மா வீட்டுக்கு வந்தாள், பையை வைத்தாள், கைப்பேசியை நீட்டினாள்.

"இது நீதானே?"

திருடனுக்குத் தேள் கொட்டிய கதைதான். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். அடி விழுந்தால் தேவலை என்று இருந்தது. அம்மா அடிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து மறுபடியும் ஓட்டிப் பார்த்தாள்.

"அந்த ஓரத்துல நிக்கிறவ தப்பா குனியறா. இப்படிக் குனிஞ்சா மத்தியானத்துக்குள்ள இடுப்பு போயிடும்."

"அது தப்பான வேகம்மா. சார் மறந்துபோய் வேகமா ஓட்டிட்டார். நெஜத்துல அவ்வளவு வேகம் இல்லயாம்."

அம்மா இன்னொரு முறை பார்த்தாள். பெட்டியைத் தள்ளும் கைகளோடு அவள் விரல்களும் மடியில் லேசாக அசைந்தன.

"இல்லயே. எங்க பெல்ட்டு இந்த வேகம்தான்."

"அம்மா, நான் வேணும்னு..."

"ஒண்ணு விட்டுட்டே" என்றாள் அம்மா. "போய்ட்டு வான்னு அவன் சொன்னதும் நான் ரெண்டு தடவை நன்றி சொன்னேன். உன்கிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு. அதையும் சேத்துக்கோ."

சொல்லிவிட்டு உலை வைக்கப் போய்விட்டாள். அன்று கால் நனைக்க வெந்நீர் கேட்கவில்லை. மகளே வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அம்மா காலை நனைத்தாள், பேச்சு மட்டும் வரவில்லை. இனி எதையாவது தன்னிடம் சொல்வாளா என்று மகளுக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் படம் சரியான வேகத்தில் ஓடியது. இப்போது யாரும் சிரிக்கவில்லை. மேசைப் பெண்கள் ஒரு பெட்டிக்கும் அடுத்த பெட்டிக்கும் நடுவில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி நெற்றி வியர்வையைத் துடைக்கக்கூட நேரம் இருந்தது. விரல் தூக்கிய பெண் வந்ததும் தோழி இடித்தாள். ரேடியோ வாய் திறக்கவில்லை.

விளக்கைப் போட்டதும் ஆசிரியர், "இதுதான் அந்த டைரக்டர் பயந்த வேகம். நேத்து நாம பாத்த வேகத்துல மனுஷங்க யாரும் வேலை செய்ய முடியாது" என்றார்.

அவள் எழுந்தாள்.

"முடியும் சார். எங்கம்மா செய்யறாங்க. பார்சல் கிடங்குல."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. ரேடியோ எழுந்து நின்றால் சிரித்துத்தானே அவர்களுக்குப் பழக்கம். தோழி கைப்பேசியைக்கூட எடுத்துவிட்டாள்.

அவள் உட்காரவில்லை. சிரிப்பு அடங்கும்வரை நின்றாள். பிறகு மறுபடியும் அதையே சொன்னாள்.