கல்யாண ஜோடிக்குத் திறந்த கதவு

மூடிக் கிடக்கும் அந்தப் பழைய சிறைக்குள் ஒருமுறை போய்வர அம்மா கொடுக்காத மனு இல்லை. ஆபத்தான கட்டடம், யாரையும் விட முடியாது என்று ஒவ்வொரு முறையும் கையை விரித்தார்கள். கல்யாணத்துக்கு முன்னால் ஜோடியாகப் படம் எடுத்துக்கொள்ள ஒரு பெரிய இடத்து மாப்பிள்ளை ஆசைப்பட்டதும், ஆபத்தெல்லாம் எங்கே போனதோ, கதவு திறந்தது. படம் எடுக்கப் போனவள் நான்.

அங்கேதான் என் அண்ணன் விசாரணைக் கைதியாகவே செத்தான். தப்பு செய்தானா இல்லையா என்று சொல்லக்கூட எவனுக்கும் நேரம் கிடைக்கவில்லை. நானும் அம்மாவும் கடைசியாகப் பார்க்கப் போனபோது, கிணற்றை ஒட்டிய கடைசி அறையில் இருப்பதாகவும், சுவரில் கரியால் அம்மா முகத்தை வரைந்திருப்பதாகவும் சொன்னான். மூக்குதான் சரியாக வரவில்லை என்று சிரித்தான். அந்தச் சுவரை ஒரே ஒரு படம் எடுத்து வரச்சொல்லித்தான் அம்மா என்னை அனுப்பினாள்.

மாப்பிள்ளையும் பெண்ணும் சிறைக்கம்பியைப் பிடித்துக் கொஞ்சியதையெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு எடுத்தேன். பிறகு, படம் எடுக்க இடத்தைச் சோடித்துவைக்கும் அலங்காரக்காரர் எங்களைக் கிணற்றுப் பக்கம் கூட்டிப்போனார். கடைசி அறையில்தான் வெளிச்சம் நன்றாக விழுகிறதாம். பெண்ணின் சிவப்பு உடை எடுப்பாகத் தெரிய, முந்தின நாளே ஆள்விட்டு அந்த அறைச் சுவருக்கு வெள்ளையடித்து வைத்திருந்தார். எங்கள் தொழிலில் உடைக்குத் தகுந்த மாதிரி சுவரை மாற்றுவது சகஜம்தான்.

"சுவர்ல ஏதாச்சும் இருந்துச்சா?" என்று கேட்டேன்.

"ஏதோ கரிக் கிறுக்கல். நல்லா சுரண்டிட்டுத்தான் அடிச்சோம்" என்று சொல்லிவிட்டு, பாராட்டுவேன் என்று என் முகத்தைப் பார்த்தார்.

யாரைத் திட்டுவது? நேரமாகிறது என்று மாப்பிள்ளை அவசரப்படுத்தினார். அவர்களை அந்தச் சுவரில் சாயச்சொல்லி எடுத்துத் தொலைத்தேன்.

வீட்டில் அம்மா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு காத்திருந்தாள். அந்தப் படத்தையே காட்டினேன். திரையை விரலால் பெரிதாக்கி, மாப்பிள்ளையின் தோளோரம், பெண்ணின் கூந்தலோரம் என்று வெகுநேரம் தேடினாள்.

"இவங்களுக்குப் பின்னாடி இருக்கா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"கொஞ்சம் நகரச் சொல்லியிருக்கலாமேடி" என்றாள்.